பல் போன இடத்தில் எலும்பு: என் இரண்டு தாடைப் பக்கங்களின் அனுபவம்

என் இடது கீழ்க் கடைவாய்ப்பல்லை 2014-இல் பிடுங்கினார்கள். பஞ்சைக் கடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

2019-இல் வலது பக்கப் பல் வேர் வரை விரிசல் விட்டது. வேறொரு டாக்டர் ஸ்கேன் எடுத்து, முதலில் இடது பக்கத்தைத்தான் காட்டினார். எலும்பின் அகலம் 4 மி.மீ.தான் இருந்தது. கடைவாய்ப்பல் இம்ப்ளாண்டே பெரும்பாலும் 4, 5 மி.மீ. தடிமன் இருக்கும், அதைச் சுற்றிலும் எலும்பு வேண்டாமா? வேர் போனதும் அதைத் தாங்கிய எலும்புக்கு வேலை இல்லை, கரையத் தொடங்கிவிடும். ஒரு வருடத்தில் பாதி அகலம்கூடப் போகலாம், அதிலும் பெரும்பகுதி முதல் 3 மாதத்திலேயே. இதை எனக்கு 2014-இல் யாரும் சொல்லவில்லை.

வலது பல்லைப் பிடுங்கிய கையோடு குழியில் போன் கிராஃப்ட், அதாவது எலும்புத் துகள், போட்டார். பார்க்க ரவை மாதிரி இருந்தது. ரத்தத்தில் குழைத்ததும் ஈர மணலாகிவிட்டது. அதை நிரப்பி, மேலே கொலாஜன் சவ்வு வைத்துத் தைத்தார். அந்தத் துகள் எலும்பாக மாறிவிடுவதில்லை. நம் எலும்பு வளர்ந்து ஏறுவதற்கு அது ஒரு பந்தல். என்னுடையது மாட்டு எலும்பைச் சுத்திகரித்துச் செய்தது. வேண்டாம் என்பவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள், செயற்கைத் துகளும் உண்டு.

மூன்றாம் நாள் சோற்றில் கல் மாதிரி நாக்கில் ஒரு துகள் தட்டியது. எல்லாம் கொட்டிவிட்டது என்று பதறிப் போன் செய்தேன். ஒன்றிரண்டு வருவது சகஜம், வேகமாகக் கொப்பளிக்காதீர்கள் என்றார். 5 மாதம் கழித்து இம்ப்ளாண்ட் வைத்தார். நடுவில் ஊரடங்கு வந்ததால் அதன் மேல் செயற்கைப் பல் பொருத்த 2020 ஜூலை ஆகிவிட்டது.

இடது பக்கம்தான் பாடுபடுத்தியது. 2021-இல் ஈறைத் திறந்து, பக்கவாட்டில் எலும்பு வைத்துத் தைத்தார். கன்னம் ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. இம்ப்ளாண்ட் வைக்க மேலும் 8 மாதம் ஆனது. செலவு வலது பக்கத்தைப் போல மூன்று மடங்கு.

இன்று இரண்டிலும் வேர்க்கடலை மெல்லுகிறேன். ஆனால் இடது பக்கம் ஈறு பள்ளமாகவே நின்றுவிட்டது. கீரை சாப்பிட்டால் சின்ன பிரஷ் இல்லாமல் முடியாது.

எல்லோருக்கும் கிராஃப்ட் தேவைப்படாது. சிலருக்கு அன்றே இம்ப்ளாண்ட் வைக்கலாம், சீழ் இருந்தால் ஆற விடுவார்கள். அதனால் மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே கேளுங்கள்: “டாக்டர், இந்தக் குழியை என்ன செய்யப் போகிறீர்கள்?”