மெர்லின் ஆப்: ஜன்னலுக்கு வெளியே கத்துவது யார்?

வீட்டு முன்னறைதான் என் தையல் கடை. ஜன்னலை ஒட்டி ஒரு செம்பருத்திச் செடி. காலையில் மெஷினில் உட்கார்ந்ததுமே அதற்குள்ளிருந்து "டொவிட், டொவிட்" என்று விடாமல் ஒரு சத்தம் வரும். பல வருஷமாகக் கேட்கிறேன். எட்டிப் பார்த்தால் இலை மட்டும்தான் அசையும்.

போன மாதம் மகள் என் போனில், பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆய்வகம் செய்தது. காசு கிடையாது. நம் பகுதிப் பறவைத் தொகுப்பை ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலே வேலை செய்யும்.

மெஷினை நிறுத்திவிட்டு, குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் சவுண்ட் ஐடியைத் தொட்டுப் போனை ஜன்னலில் வைத்தேன். திரையில் கோடுகள் ஓடின. அது சத்தத்தின் படம்; குரல் கீச்சென்று உயர உயரக் கோடும் மேலே ஏறும். ஒவ்வொரு "டொவிட்"டுக்கும் அச்சு எடுத்தது போல ஒரே வடிவம். பறவை ஆர்வலர்கள் பதிவு செய்து தந்த குரல்களை இப்படிப் படமாக்கித்தான் கம்ப்யூட்டரைப் பழக்கியிருக்கிறார்கள். 2021இல் வந்த வசதி இது. கொஞ்ச நேரத்தில் பெயர் வந்தது: காமன் டெய்லர்பேர்டு. நம் தையல்சிட்டு! எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது.

அப்புறம் பொறுமையாகக் கவனித்ததில் கூடும் தெரிந்தது. தொடவில்லை, தள்ளி நின்றே பார்த்தேன். இலையின் ஓரங்களை அலகால் குத்தி, நாரைக் கோத்து இழுத்துச் சேர்த்திருக்கிறது. நாம் போடும் ஓட்டுத் தையல் போலத் தொடராது. ஒவ்வொரு தையலும் தனி. முடிச்சே இல்லை. வெளியே வந்த நுனி பிசிறிப் பஞ்சாக உப்பி, நார் உருவிவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பிசிறு தெரிந்தால் நான் ஓவர்லாக் அடித்து மறைப்பேன். இந்தச் சிட்டு பிசிறை வைத்தே பூட்டுப் போட்டிருக்கிறது!

இந்தியப் பறவைகள் எல்லாவற்றின் குரலும் மெர்லினுக்குப் பழக்கம் இல்லை. பெயர் வந்ததும் முடிவு கட்டாமல் கண்ணாலும் பார்த்துவிடுங்கள். வைரி என்ற வேட்டைப் பறவை மாதிரியே கத்தும் இரட்டைவால் குருவியும் நம் ஊரில் உண்டே. பட்டியலில் வந்த பறவை மறுபடி கூப்பிட்டால் அதன் பெயர் மஞ்சளாக ஒளிரும். குரலை மனதில் பதிய வைக்க எனக்கு அதுதான் பெரிய உதவி.

தொகுப்பு பெரியது, வைஃபையில் இறக்குங்கள். மிக்ஸியும் மெஷினும் ஓடாத விடிகாலைதான் நல்ல நேரம்.