சென்னையின் கிளை ஓட்டல்கள்: எதை நம்பிச் சாப்பிடலாம், பழகிய கிளை ஏன் மூடுகிறது

பெயர்ப்பலகையைப் பார்த்து ஓட்டலுக்கு மதிப்பெண் போடக்கூடாது. ஒரே பெயர், ஒரே மெனு, ஒரே விலை இருக்கும். ஆனால் ஒரு கிளையில் சாம்பாரை இரண்டாவது முறை கேட்டு வாங்குவோம், இன்னொன்றில் பாதியோடு கிண்ணத்தைத் தள்ளி வைப்போம். சைவ டிபன் ஓட்டல்களை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துகிறவர்கள் எடைபோட வேண்டியது அந்தந்தக் கிளையின் அடுப்படியை.

முதல் கேள்வி, மாவு எங்கே அரைபடுகிறது என்பது. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. அரைத்த மாவு சென்னை வெப்பத்தில் எட்டு மணி நேரத்துக்குள் பொங்கிவிடும். கிளையிலேயே கிரைண்டர் ஓடினால் காலை ஏழு மணி இட்லியில் அது தெரியும்: விரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழும்பும். பெரிய நிறுவனங்கள் இப்போது சென்ட்ரல் கிச்சனில் அரைத்து, குளிர்வண்டியில் கிளைகளுக்கு அனுப்புகின்றன. அதில் தப்பில்லை. அளவும் சுத்தமும் ஒரே சீராக இருக்கும். ஆனால் குளிர்ந்து வந்த மாவு ஒரு மணி நேரமாவது வெளியே இருந்து குளிர் தணிந்த நிலைக்கு வர வேண்டும். கூட்டம் நெருக்கும்போது அப்படியே தட்டில் ஊற்றிவிடுகிறார்கள். இட்லி ஓரத்தில் வெந்து, நடுவில் பசபசவென்று, தட்டையாக வருவது அதனால்தான். மாவைக் குறை சொல்கிறோம். குறை அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது.

சட்னிதான் எல்லாவற்றையும் முதலில் காட்டிக்கொடுக்கும். தேங்காய்ச் சட்னிக்கு ஒரு காய்க்கு ஒரு பிடி பொட்டுக்கடலை போதும். தேங்காய் விலை ஏறினால் இந்த அளவு புரளும்: பொட்டுக்கடலை தண்ணீரை இழுத்துக்கொண்டு கெட்டியாக நிற்கும், அதனால் குறைந்த காயில் அதிகச் சட்னி கிடைக்கும். இட்லியை எடுத்துச் சட்னி மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழித்த தடம் அப்படியே பசைபோல் நின்றால் கடலை கூடுதல். பல்லில் தேங்காய்த் துருவல் சிறிதாவது நெருடினால் சரி. சட்னியின் ஓரத்தில் தண்ணீர் பிரிந்து வளையம் கட்டியிருந்தால் அரைத்து வெகு நேரமாகிவிட்டது. புளிப்பு வாசனையும் சேர்ந்தால் தொடவே வேண்டாம்.

சாம்பாருக்கும் இதுபோல ஒரு சோதனை உண்டு. துவரம்பருப்பும் கரைந்த பரங்கிக்காயும் கொடுக்கும் கெட்டித்தன்மை வேறு, அரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் கொடுக்கும் கெட்டித்தன்மை வேறு. கிண்ணத்தை ஐந்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். பருப்பு சாம்பாரில் மண்டி அடியில் இறங்கி மேலே தெளிவு நிற்கும். மாவு கரைத்தது பிரியாது. ஆறியதும் மேலே ஏடு கட்டும். இரவு ஒன்பது மணிக்கு மேல் பல இடங்களில் இந்த இரண்டாவது வகைதான் வரும். 1948-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி மேல் சாம்பாரைத் தாராளமாக ஊற்றித் தருகிற வழக்கம் இத்தனை காலம் நிற்கிறதென்றால், சாம்பாரை ஊற்றிக்காட்டும் துணிச்சல் அந்த அடுப்படிக்கு இருப்பதால்தான்.

வடை, பூரி சாப்பிடுகிறவர்கள் எண்ணெயைக் கவனிக்க வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் (போலார் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அளக்கும் கருவி நம்மிடம் இல்லை; ஆனால் வாணலியில் நுரை அடங்காமல் நிற்பதும், வடை தின்றதும் தொண்டை கமறுவதும் போதுமான அடையாளம். மாலை நான்கு மணி வாக்கில் போடும் முதல் ஈடு வடைதான் நல்ல வடை.

காபி பற்றிச் சுருக்கமாக: காபித்தூள் கலவையில் சிக்கரி 49 சதவீதம் வரை சட்டப்படியே இருக்கலாம், ஆகவே கறுப்பு நிறத்தை வைத்து ஏமாற வேண்டாம். "முதல் டிகாஷன் இருக்கா?" என்று கேட்டு வாங்குங்கள்.

பார்சலில் தோசை வேண்டாம். ஃபாயில் தாளுக்குள் ஆவி வியர்த்துப் பதினைந்து நிமிடத்தில் நமுத்துவிடும். இட்லி, பொங்கல், இடியாப்பம் தாங்கும்.

வடமாநிலத்துப் பையன்கள் வந்ததால் ருசி போய்விட்டது என்கிற பேச்சை ஏற்க முடியாது. இரண்டு வருடம் ஒரே தோசைக்கல்லில் நின்றவன் எந்த ஊர்க்காரனானாலும், தண்ணீர் தெளித்த சத்தத்திலேயே கல்லின் சூட்டைச் சொல்லிவிடுவான். ருசி கெடுவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவனை வேறு கிளைக்கு மாற்றுகிற இடத்தில்.

இனி, மூடுவது. கூட்டம் இல்லாததால் மூடினார்கள் என்று நாம் எளிதாக முடிவு கட்டுகிறோம். கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 1962-இல் திறந்தது. காருக்கே தட்டு வரும். மரநிழலில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசலாம். 2008-இல் அது மூடியபோது வாடிக்கையாளருக்குக் குறைவில்லை. நிலம் ஓட்டலுடையதல்ல, அரசு எடுத்துக்கொண்டது; 2010-இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. நகரத்தின் நல்ல ஓட்டல்களில் பல இப்படி அடுத்தவர் மண்ணில் நிற்பவை. ஒப்பந்தம் முடிகிற ஆண்டுதான் அவற்றின் ஆயுள்.

மற்றக் கிளைகளை விழுங்குவது வாடகைக் கணக்கு. 2017 நவம்பரிலிருந்து சாதாரண ஓட்டல் பில்லுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்குப் பதிலாக, உள்ளீட்டு வரியை, அதாவது ஓட்டல் தான் வாங்குகிறவற்றுக்குக் கட்டிய வரியை, கழித்துக்கொள்ளும் உரிமை கிடையாது. கடை வாடகைக்குக் கட்டும் 18 சதவீத வரி முழுதும் செலவுக் கணக்கில் போய் நிற்கும். டெலிவரி செயலிகளின் கமிஷன் இன்னொரு பக்கம். ஆற்காடு சாலை மாதிரி மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த சாலைகளில் வண்டி நிறுத்த இடமில்லாமல் போனால், குடும்பத்தோடு வருகிறவர்கள் முதலில் நின்றுபோவார்கள். ஏசி ஹாலுக்கு வருமானம் அவர்கள்தான்.

சென்ட்ரல் கிச்சன் இங்கே மறுபடி வருகிறது. தனக்கென்று கிரைண்டர், சாம்பார், குருமா வைக்கிற சரக்கு மாஸ்டர், தோசை மாஸ்டர் உள்ள கிளையை மூடினால் ஒரு முழு அடுப்படி கலையும். முதலாளி நாலு முறை யோசிப்பார். வந்த மாவை ஊற்றி, வந்த குருமாவைச் சுடவைக்கிற கிளையை மூடினால் ஒரு வாடகை மிச்சம், அவ்வளவுதான். எல்லா இடத்திலும் ஒரே ருசி வேண்டும் என்று நாம் கேட்டதற்குக் கொடுத்த விலை இது.

மூடப்போகிற கிளையை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். அடை அவியல், ரவா தோசை மாதிரி கூடுதல் ஆள் தேவைப்படுகிறவை முதலில் "இன்னைக்கு இல்ல சார்" ஆகும். பிறகு மாடி ஹாலில் விளக்கு எரியாது. நாற்காலிகள் குறையும். இனிப்புக் கண்ணாடிப் பெட்டியில் பாதித் தட்டுகள் காலியாக இருக்கும். இவற்றில் இரண்டைப் பார்த்தாலே, கையிலிருக்கும் பரிசுக் கூப்பன்களைச் செலவழித்துவிடுங்கள். பார்ட்டி ஹாலுக்கோ தீபாவளி இனிப்புக்கோ அந்தக் கிளையில் முன்பணம் கட்டாதீர்கள். கட்டியே ஆகவேண்டுமென்றால் தலைமை அலுவலக ரசீது கேளுங்கள்.

மூடுவதும் இடம் மாறுவதும் ஒன்றல்ல. பெங்களூரு எம்.ஜி. ரோடு இந்தியன் காபி ஹவுஸ் 2009-இல் மூடியபோது ஊரே வருந்தியது. ஆனால் அது சர்ச் ஸ்ட்ரீட்டில் மறுபடி திறந்தது. 1957-இல் காபி வாரியம் கடைகளை மூட முற்பட்டபோது தொழிலாளர்கள் அமைத்த கூட்டுறவுச் சங்கத்தின் கடை அது. ஆட்களே உரிமையாளர்கள் என்பதால் கட்டடம் போனாலும் கடை போகவில்லை.

நம் ஊரில் மூடுகிற கிளையின் ஆட்கள் அப்படிக் கூட்டாகப் போவதில்லை, கிளைக்கு ஒருவராகப் பிரிந்துபோகிறார்கள். ஆகவே கடைசி வாரத்தில் சப்ளையரிடம் ஒன்றைக் கேட்டு வையுங்கள்: "தோசை மாஸ்டர் எந்தப் பிராஞ்சுக்குப் போறார்?" சரக்கு மாஸ்டரையும் சேர்த்துக் கேளுங்கள், சாம்பார் அவர் கையில் இருக்கிறது. இருவரும் ஒரே கிளைக்குப் போகிறார்கள் என்றால், மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அங்கேயே போய்ச் சாப்பிடலாம். முதல் பதினைந்து நாள் விட்டுப் போங்கள். புதுக் கல்லும் புதுத் தண்ணீரும் கைக்குப் பழக அவ்வளவு நாளாகும்.