நார்வே 4×4 இன்டர்வல் பயிற்சி: மாதக்கணக்கில் தொடர்ந்தால் எது நிற்கிறது, எது படுத்துகிறது

ஹெச்.ஐ.ஐ.டி., அதாவது கடும் உழைப்பும் ஓய்வும் மாறி மாறி வரும் இன்டர்வல் பயிற்சி, என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இருபது விநாடி ஆட்டம், பத்து விநாடி ஓய்வு என்று போகும் தபாட்டா முறைதான். 1996-இல் இசுமி தபாட்டாவின் குழு வெளியிட்ட ஆய்வில் அதைச் செய்தவர்கள் உடற்கல்வி படித்த இளைஞர்கள். செய்ததும் ஆய்வக சைக்கிளில். நாற்பதைத் தாண்டி, நாளெல்லாம் நாற்காலியில் இருப்பவர் அதையே வீட்டு ஹாலில் குதித்துச் செய்தால் முதலில் போவது முழங்கால், அடுத்தது ஆர்வம். அப்படிப்பட்டவர் வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளத் தோதானது, நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரில் உருவான 4×4.

கணக்கு இதுதான்: பத்து நிமிடம் வார்ம்-அப். பிறகு அதிகபட்ச இதயத்துடிப்பில் 85 முதல் 95 சதவீதத்தில் நான்கு நிமிடம், நடுவில் 70 சதவீதத்தை ஒட்டி மூன்று நிமிட மெதுநடை. இப்படி நான்கு சுற்று. கடைசியில் ஐந்து நிமிடம் கூல்-டவுன். மொத்தம் 40 நிமிடம், வாரம் இரண்டு நாள், இடையில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி.

அதிகபட்சத் துடிப்புக்கு எல்லோரும் 220-இல் வயதைக் கழிக்கிறார்கள். டிரான்ட்ஹைம் ஆய்வாளர்கள் தந்த சூத்திரம் வேறு: வயதை 0.64-ஆல் பெருக்கி 211-இல் கழிக்க வேண்டும். ஐம்பது வயதுக்காரருக்குப் பழைய கணக்கு 170 என்கிறது, இது 179 என்கிறது. 179 என்றால் இலக்கு 152-இலிருந்து 170 வரை. ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு முன்பின் இருக்கும் என்பதால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. நான்கு நிமிடச் சுற்றின் பிற்பாதியில் இரண்டு மூன்று சொல் பேச முடிய வேண்டும், முழு வாக்கியம் வரக் கூடாது. அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவர்கள் எண்ணைத் துரத்துவது ஆபத்து, மூச்சுதான் அளவுகோல்.

இந்த முறையில் அதிகம் நடக்கும் தவறு முதல் சுற்றில்தான். துடிப்பு இலக்கைத் தொட ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பிடிக்கும், அதுதான் இயல்பு. முப்பது விநாடியில் அதை எட்டிப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால் மூன்றாவது சுற்றில் கால் கல்லாகிவிடும். முதல் சுற்றின் வேகத்தை நான்காவதில் பிடிக்க முடியவில்லை என்றால், குறைக்க வேண்டியது முதல் சுற்றின் வேகத்தை.

கருவிகளில் டிரெட்மில் ஏற்ற நடை நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. மணிக்கு 5.5 கி.மீ., 8 முதல் 10 சதவீத ஏற்றம் என்றாலே பலருக்கு இலக்கு வந்துவிடும், ஓட வேண்டியதில்லை. கைப்பிடியைப் பிடித்தால் காலின் உழைப்பு குறைந்துவிடும். கையால் மாற்றும் ஏற்றம் மட்டும் உள்ள வீட்டு மாடல்களில் நடுவில் இறங்கி மாற்றுவது நடக்காத காரியம். ஏற்றத்தை ஆரம்பத்திலேயே வைத்துவிட்டு வேகத்தை மட்டும் கூட்டிக் குறைப்பதே வழி. முழங்கால் தொந்தரவு உள்ளவர்களுக்கு நிலையான சைக்கிள் மேல்; பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை உயர்த்த வேண்டும். அபார்ட்மென்ட் படிக்கட்டு வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. ஏறுவது நல்ல உழைப்பு, ஆனால் களைத்த காலோடு இறங்கும்போதுதான் முழங்காலுக்கு அடி, தடுக்கி விழுவதும் அப்போதுதான்.

ஸ்மார்ட்வாட்ச் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. கை வீச்சோடு ஒட்டிக்கொண்டு, காலடி எண்ணிக்கையையே துடிப்பாகக் காட்டிவிடும். நடக்கும்போது 120, 130 என்று அசையாமல் நின்றால் சந்தேகிக்கலாம். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே இறுக்கிக் கட்டினால் கொஞ்சம் தேவலை. மார்பில் கட்டும் ஸ்ட்ராப்தான் நம்பகமானது. அதன் உள்பக்கம் தோலைத் தொடும் ரப்பர் பட்டைகளை நனைத்துக் கட்ட வேண்டும். காய்ந்திருந்தால் முதல் சில நிமிடம் எண் தாறுமாறாக எகிறும். வியர்வை உப்பு படிந்தாலும் அதே கதை, அலசிக் காய வைப்பது அவசியம்.

நாள்பட்ட பயன்பாட்டில்தான் தெரியும் விஷயம் இது: இதயமும் மூச்சும் சில வாரத்தில் பழகிவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். மூச்சு சுலபமானதும் ஏற்றத்தை வேகமாகக் கூட்டினால் காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலுக்கு மேலே வலி பிடிக்கும். எனவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏற்றத்தை ஒரு சதவீதம் கூட்டினால் போதும். முதல் ஒரு மாதம் வேகநடை மட்டும், பிறகு இரண்டு சுற்று, மூன்று, நான்கு என்று போகலாம். மூன்று மாதத்தில் அதே வேகத்துக்குத் துடிப்பு குறைந்திருக்கும். அந்த உற்சாகத்தில் மூன்றாவது நாளைச் சேர்ப்பவர்கள்தான் சீக்கிரம் நின்றுபோகிறார்கள். காலையில் எழுந்ததும் பார்க்கும் நாடி வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடியிருந்தால் அன்று சாதாரண நடையே போதும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு பதிவு உண்டு. நார்வேயின் மூன்று இதய மறுவாழ்வு மையங்களில் 4,846 நோயாளிகளைக் கவனித்து 2012-இல் வெளியிட்டார்கள். தீவிரப் பயிற்சியின் 46,364 மணி நேரத்தில் உயிர் பிழைத்த இதய நிறுத்தம் இரண்டு. மிதமான பயிற்சியின் 1,29,456 மணி நேரத்தில் ஒரு மரணம். ஆபத்து மிகக் குறைவு, ஆனால் அது கண்காணிப்பில் நடந்த பயிற்சி. ஆகவே சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருப்பவர்கள் டாக்டரைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் முன்னும் பின்னும் சர்க்கரை பார்ப்பது கட்டாயம். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, கண் இருட்டல் வந்தால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். மறுநாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கலாம்; வீட்டில் இருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடைசிச் சுற்று முடிந்ததும் சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும், கூல்-டவுன் அதற்காகத்தான்.

சென்னை மாதிரி கடலோர ஊரில் மே மாதப் புழுக்கத்தில் அதே வேகத்துக்குத் துடிப்பு கூடுதலாக ஏறும், வியர்வை எளிதில் ஆவியாகாது. ஃபேனை முகத்துக்கு நேரே வைத்து, துடிப்பைப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் இருக்கும்போது கூடவே கூடாது. வைரஸ் இதயத் தசையைத் தொட்டிருக்கலாம். டெங்கு, கோவிட் மாதிரி வந்து போனால் டாக்டர் சரி என்ற பிறகு ஒரு வாரம் நடை, அடுத்து இரண்டு சுற்று என்று ஆரம்பத்திலிருந்தே ஏறி வர வேண்டும்.