கார் நிற்கும் இடத்துக்கே வந்து சாவி செய்து தரும் சேவை

இருந்த ஒரே கார்ச் சாவியும் தொலைந்துவிட்ட நிலையில், வண்டியை இழுவை வாகனத்தில் ஏற்றிப் பணிமனைக்கு அனுப்ப மனமில்லாமல், நேரில் வந்து சாவி செய்து தரும் இந்தச் சேவையை நாடினேன். வந்தவர் கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பதிவுச் சான்றிதழையும் என் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்து, வண்டியின் சேசிஸ் எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டார். இதைக் கேட்காதவர் யாருடைய காரையும் யாருக்கும் திறந்து கொடுத்துவிடுவார் என்பதால், அந்தக் கண்டிப்பே எனக்கு முதல் நம்பிக்கையைத் தந்தது.

கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையே கம்பியை விட்டு நெம்பினால் ரப்பர் பட்டையும் உள்ளே ஓடும் ஒயர்களும் சேதமடையக்கூடும். இவர் அந்த வழிக்கே போகவில்லை. அளவுக்கோடுகள் பொறித்த மெல்லிய கருவியொன்றைச் சாவித் துளையில் செலுத்தி, உள்ளிருக்கும் சிறு தகடுகளை ஒவ்வொன்றாக நகர்த்திக் கதவைத் திறந்ததோடு, அதே கோடுகளைக் கொண்டு ஒவ்வொரு தகட்டின் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, அந்த அளவுகளின்படி தம் வேனிலிருந்த இயந்திரத்தில் புதுச் சாவியை வெட்டினார். கதவில் ஒரு கீறல்கூட இல்லை.

வெட்டிய சாவி பூட்டில் திரும்பினாலும் இன்ஜின் இயங்காது. சாவியின் தலைப்பகுதியில் இருக்கும் சிப்பை வண்டியின் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு மின்னணு அமைப்பு அடையாளம் காண வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியோடு தொடர்புகொள்ள உதவும் ஓபிடி போர்ட் என்ற இணைப்புத் துளையில் கருவியை இணைத்துப் புதிய சிப்பைப் பதிவு செய்தவர், தொலைந்த சாவியின் பதிவையும் நீக்கினார். இனி அந்தச் சாவி யார் கையில் கிடைத்தாலும் இன்ஜினைக் கிளப்ப முடியாது. ஆனால் கதவை இன்னும் அதனால் திறக்கலாம் என்பதையும், அது கவலையளித்தால் கதவுப் பூட்டை மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் கேட்காமலேயே சொன்ன நேர்மையை மிகவும் மதிக்கிறேன்.

குறை ஒன்று உண்டு. தொலைபேசியில் சொன்ன கட்டணத்தில் ரிமோட் பொத்தான்களுக்கான வேலை சேரவில்லை என்பது வேலை பாதி முடிந்த பிறகே தெரியவந்தது. அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அழைப்பவர்கள் சாவி வெட்டுதல், சிப் பதிவு, ரிமோட் மூன்றும் அடங்கிய மொத்தத் தொகையைக் கேட்டுக்கொள்வதோடு, இரண்டாவது சாவியையும் அப்போதே செய்து வாங்கிவிடுவது நல்லது. இயங்கும் சாவி ஒன்று கையில் இருந்தால் மற்றொன்றைச் செய்வது பெரும்பாலும் எளிது.