அட்டிகையைத் திருப்பிப் பாருங்கள்

போன மே மாதம் ஒரு ரிசப்ஷனுக்காக ஆன்லைனில் ஒரு சோக்கர் வாங்கினேன். 'டிசைனர் பீஸ்' என்று போட்டிருந்தார்கள், விலை 6,500. போட்டோ எல்லாம் அமர்க்களமாகத்தான் வந்தது. பந்தியில் உட்கார்ந்தால் ரசம் சாதத்தில் ஒரு பச்சைக் கல் கிடக்கிறது. வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தேன், அத்தனை கல்லும் வெறும் பசையில் நிற்கிறது. போன் போட்டுக் கேட்டதற்கு, வியர்வை படாமல் போட்டுக்கொள்ள வேண்டுமாம். சென்னையில், மே மாதத்தில்!

அதனால் தங்கை பெண்ணின் அரங்கேற்றத்துக்கு நகை எடுக்கும்போது போனைத் தொடவே இல்லை, நேராக மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் போய்விட்டேன். டான்ஸ் செட் விற்கும் சின்னக் கடை, நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். கடைக்காரர் மூன்று கெம்பு அட்டிகைகளை வரிசையாக வைத்தார். 1,800, 5,600, 24,000. சத்தியமாக எனக்கு முதல் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் மூன்றையும் குப்புறத் திருப்பி வைத்தார்.

அப்புறம்தான் புரிந்தது. 1,800 ரூபாய் அட்டிகை அச்சில் வார்த்த பித்தளை. கல்லுக்கென்று குழி இருக்கிறது, ஆனால் கல்லைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, பசைதான். 24,000 ரூபாய் அட்டிகை நாகர்கோவில் வடசேரி வேலை. வெள்ளியில் செய்து, உள்ளே அரக்கு வைத்து, ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக உட்கார வைத்துச் சுற்றிலும் தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தகட்டை, கையாலேயே அழுத்தியிருக்கிறார்கள். புவிசார் குறியீடு வாங்கிய கைவேலை அது. கெம்பு என்றதும் மாணிக்கம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், இப்போது வருவது பெரும்பாலும் செயற்கைக் கல், அவரே சொல்லிவிட்டார். விரலால் தடவினால் ஓரம் எங்கும் நெருடவில்லை. நூல் மாட்டி இழுத்துக்கூடப் பார்த்தேன், சிக்கவில்லை.

ஆசை யாரை விட்டது, ஆனால் பட்ஜெட் விடவில்லை. நடுவில் இருந்ததை எடுத்தேன். உலோகம் பித்தளைதான், ஆனால் கல்லைச் சுற்றி விளிம்பைக் கையால் மடக்கியிருக்கிறார்கள், பின்பக்கமும் வழவழப்பாக இருக்கிறது. கூடவே ஜிமிக்கி, மாட்டல், நெத்திச்சுட்டி எல்லாம் சேர்த்து 9,000. பேரம் பேசியதில் 300 குறைந்தது, அதற்கே மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

குறையும் இருக்கிறது. ஜிமிக்கித் திருகு மகா லூஸ், பாதி ஒத்திகையில் ஒரு காது கழன்று, "பெரியம்மா, திருகு எங்கே?" என்று பச்சரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி எல்லோரும் தரையில் தேடினோம். மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் அதற்கென்று இன்னொரு முறை மாட வீதிக்குப் போக வேண்டும், வண்டி நிறுத்த இடம் தேடுவது தனிக் கதை. நாலு மாதத்தில் பின்கழுத்துப் பக்கம் முலாம் கொஞ்சம் வெளுத்துவிட்டது. சென்ட் அடித்து முடித்த பிறகு நகை போட வேண்டும், கழற்றியதும் பருத்தித் துணியால் துடைத்து ஜிப் கவரில் போட வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

திரும்ப விற்கப் போனால் இதில் பைசா தேறாது, அது தெரிந்துதான் வாங்கினேன். வெள்ளி அட்டிகையாக இருந்தால் எடைக்காவது ஏதாவது வரும். ஆனால் இது வாரத்துக்கு ஒரு மேடையாவது ஏறுகிறது. இதுவரை ஒரே ஒரு கல்தான் விழுந்தது, அதையும் 50 ரூபாய் வாங்கிக்கொண்டு என் கண் முன்னாலேயே கட்டிக் கொடுத்தார்கள்.

அன்றைக்கே அந்தப் பழைய 6,500 ரூபாய் சோக்கரையும் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பிப் பார்த்தவர், "இதுல கல்லு கட்ட இடமே இல்லையேம்மா" என்று கவரோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்.