"18 மணி நேரத்தில் டொராண்டோ": இந்த டிக்கெட்டை வாங்கும் முன் பாருங்கள்

குமரி மாவட்டத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் கனடாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே வரி வருகிறது: "திருவனந்தபுரம் – டொராண்டோ 18 மணி நேரம்." விலையும் குறைவு.

18 என்பது பொய்யல்ல, அங்கேதான் சாமர்த்தியம். நேர்கோட்டில் சுமார் 13,750 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. துபாய்க்கு 2,950 கிலோமீட்டர், நாலு மணி நேரம் சொச்சம். அங்கிருந்து டொராண்டோவுக்கு 11,000 கிலோமீட்டருக்கு மேல், சுமார் 14 மணி நேரம். கூட்டினால் 18. நடுவில் துபாயில் உட்கார்ந்திருக்கும் நேரத்தை மட்டும் சொல்லமாட்டார்கள்.

கோடைகாலத்து டிக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதிகாலை 4.30க்குப் புறப்பாடு, மறுநாள் காலை 9.30க்கு டொராண்டோ. பார்த்தால் 29 மணி நேரம் போலிருக்கும். இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி போட்டது. மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை அதோடு ஒன்பதரை மணி நேரம் கூட்டுங்கள், மற்ற மாதங்களில் பத்தரை. நம்மூரில் அப்போது மாலை 7 மணி. ஆக மொத்தம் 38½ மணி நேரம்.

காத்திருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய ஆபத்து, இரண்டு தனி டிக்கெட்டை ஒட்டி ஒரே பயணமாக விற்பது. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு அது சம்பந்தமில்லாத விஷயம். 'வரவில்லை' என்று போட்டுவிடுவார்கள், பணம் போனதுதான். பெட்டி துபாயோடு நின்றுவிடும். எடுத்து மறுபடி போட வெளியே வரவேண்டும், அதற்கு அந்நாட்டு விசா வேண்டும். கனடா விமானத்தில் 23 கிலோ பெட்டி இரண்டு அனுமதி இருக்கும். முதல் விமானம் மலிவு கம்பெனி என்றால் 20 அல்லது 30 கிலோதான். மீதி எடைக்கு விமான நிலையத்தில் சொல்வதுதான் விலை.

பணம் கொடுக்கும் முன் ஏஜென்டிடம் மூன்றே கேள்வி: முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆரா (முன்பதிவு எண்)? பெட்டி டொராண்டோ வரை நேராகப் போகுமா? 13 இலக்க டிக்கெட் எண் எங்கே? கடைசிக் கேள்விக்குத்தான் பலர் மழுப்புவார்கள். ஆறு எழுத்து பிஎன்ஆர் மட்டும் தந்தால் அது டிக்கெட் போடாமல் இடத்தை மட்டும் பிடித்துவைக்கும் வெறும் 'ஹோல்டு' ஆக இருக்கலாம், கெடு முடிந்ததும் தானாக ரத்தாகும். விமானக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் பிஎன்ஆரும் குடும்பப்பெயரும் போட்டு நீங்களே பாருங்கள். பிடிஎஃப் யாரும் செய்யலாம்.

டில்லி வழி இந்திய விமானம் என்றால் பழைய கணக்கு உதவாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வழியை மூடியபின் அவை மேற்கே சுற்றிப் போகவேண்டியதாயிற்று.

இன்னொன்று, நம்மூர் ஆட்களே மறந்துவிடுவது: பங்குனி, ஐப்பசி ஆராட்டு நாளில், கடலில் நீராட்ட பத்மநாபசுவாமி ஊர்வலம் ரன்வேயைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போவதால் சாயங்காலம் சில மணி நேரம் திருவனந்தபுரத்தில் விமானமே இல்லை. அந்தத் தேதியில் டிக்கெட் என்றால் மாற்றிய நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.