பாய்லர் போய்விட்டது என்று யாராவது சொன்னால், எதை அளந்தீர்கள் என்று கேளுங்கள்

கடந்த ஜனவரியில், கெட்டுப்போகாத ஒரு பாகத்தை மாற்றியதற்காக ஒரு ஹீட்டிங் எஞ்சினியருக்கு 430 பவுண்டு கொடுத்தேன். அதே ஆளிடம் இன்னும் 2,850 பவுண்டு கொடுத்துப் புதுப் பாய்லர் போட ஒப்புக்கொள்ளும் நிலைக்கும் போய்விட்டேன். உண்மையான பழுது 170 பவுண்டில் தீர்ந்தது. இங்கிலாந்துக் குளிரில், வீட்டில் குழந்தையையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடும் மனநிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாடகை வீடு என்றால் பாய்லர் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு. சொந்த வீட்டுக்காரர்கள்தான் என்னைப்போல மாட்டிக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது காம்பி பாய்லர். குழாய்த் தண்ணீரைச் சூடாக்குவதும் அதுதான், ரேடியேட்டர்களைச் சூடாக்குவதும் அதுதான். பதினோரு வருடப் பழையது. டிசம்பர் கடைசியில் ஒரு காலை குளிக்கப் போனால் குழாயில் சூடே இல்லாத தண்ணீர். ரேடியேட்டர்களுக்குள் சுற்றும் தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் பாய்லர் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. காணொளிகளைப் பார்த்து, அடியில் இருக்கும் பின்னல் போட்ட சிறிய ஹோஸைத் திறந்து தண்ணீர் ஏற்றி, முள்ளை 1.5 பாருக்குக் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) கொண்டுவந்தேன். உடனே ஓடியது. எனக்கு ஒரே பெருமை. அன்று இரவு ஹீட்டிங் ஓடிக்கொண்டிருந்தபோது தற்செயலாகப் பார்த்தால் முள் 3ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் காலை மீண்டும் பூஜ்யம். வாசல் தெளிப்பதுபோலத் தினமும் காலையில் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றுவது என் வேலையாகிப்போனது.

அந்தச் சமயம் அம்மா ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தார். "கண்ணா, பின்பக்கச் சுவரில் ஒரு செம்புக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. கீழே கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கிறது, வழுக்கி விழுந்துவிடாதே" என்றார். மழைத்தண்ணீராக இருக்கும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். இந்தக் கதை முழுவதற்கும் விடை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

எஞ்சினியரைக் கண்மூடித்தனமாக நான் கூப்பிடவில்லை. கேஸ் வேலை செய்பவர்களின் அதிகாரபூர்வப் பட்டியலான கேஸ் சேஃப் பதிவேட்டில் அவருடைய எண்ணைத் தட்டிப் பார்த்தேன், இருந்தது. வந்ததும் அட்டையைக் கேட்டேன், காட்டினார். படம் அவருடையதுதான். பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பதும் அது எந்தத் தேதிவரை செல்லும் என்பதும் அச்சிட்டிருந்தன. எல்லாம் சரி. 2009 ஏப்ரலில் கோர்கி என்ற பழைய பதிவேட்டுக்குப் பதிலாக வந்த இந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாத ஆள் கேஸ் வேலை செய்வது சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து. ஆனால் அந்த அட்டை, இவர் கேஸைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரிந்தவர் என்பதற்கு மட்டும்தான் சான்று. பழுதைச் சரியாகக் கண்டுபிடிப்பார் என்பதற்கோ நேர்மையாகப் பணம் கேட்பார் என்பதற்கோ அது சான்று ஆகாது. நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டேன்.

அவர் மூடியைக் கழற்றினார். திரையில் ஒளிர்ந்த பிழை எண்ணைப் பார்த்தார். அழுத்த முள்ளின் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். பாய்லருக்கு எத்தனை வயது என்று கேட்டார். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் அவருடைய பையிலிருந்து மல்டிமீட்டரோ வேறெந்த அளவுகருவியோ வெளியே வரவில்லை. "சென்சார் தரும் அளவு போர்டுக்குப் போய்ச் சேரவில்லை. போர்டு போய்விட்டது" என்றார். போர்டு என்பது பாய்லரை இயக்கும் மின்னணுப் பலகை. "இரவில் முள் 3 வரைக்கும் ஏறுகிறதே" என்று நான் தொடங்கியதும், "இந்த மாடலில் அது வழக்கம்தான்" என்று முடித்துவிட்டார். அழுத்தத்தைப் பற்றி ஒருவர் புகார் சொல்ல வருகிறார், அழுத்தத்தைப் பற்றியே அவரைப் பேசவிடவில்லை. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் புதுப் போர்டு பொருத்தினார், தண்ணீர் ஏற்றினார், பாய்லர் ஓடியது. தண்ணீர் ஏற்றினால் என் கையிலும்தான் ஓடியது! கார்டு இயந்திரம் வேலை செய்யவில்லை என்றார், வங்கி வழியாகப் பணத்தை அனுப்பினேன். பழைய போர்டைத் துணியில் சுற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு போனார். ரசீதில் இருந்தது ஒரே வரி: பாய்லர் பழுது, பொருளும் கூலியும், 430 பவுண்டு.

இரண்டு நாள் கழித்து முள் மீண்டும் பூஜ்யம்.

திரும்பி வந்தவர் இந்தமுறை மூடியைக்கூடக் கழற்றவில்லை. "அப்படியென்றால் உள்ளே தீயின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஓட்டை. இந்த மாடலுக்கு அந்தப் பாகம் இப்போது கிடைப்பதில்லை. புதுப் பாய்லர்தான், 2,850. இன்றைக்கே முன்பணம் கொடுத்தால் 200 குறைக்கிறேன்" என்றார். என் மனைவி கேட்டாள்: "போர்டும் போய், எக்ஸ்சேஞ்சரும் ஒரே வாரத்தில் போகுமா?" வயதாகிவிட்டது என்பதுதான் பதில். மனிதருக்கும் பாய்லருக்கும் ஒரே நோய்தான் போலிருக்கிறது. நாங்கள் தயங்கியதும் அடுத்த அஸ்திரம் வந்தது: "குழந்தை இருக்கும் வீடு. இதை ஓடவிடுவது ஆபத்து."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு பாய்லர் உண்மையிலேயே ஆபத்தானது என்றால், பதிவு பெற்ற எஞ்சினியர் அதை வாயால் சொல்லிவிட்டுப் போக மாட்டார். உடனடி ஆபத்து, ஆபத்து வரக்கூடியது என்று அவர்களுக்கு வகைப்பாடுகள் இருக்கின்றன. எச்சரிக்கைத் தாளை எழுதிக் கையில் கொடுப்பார், பாய்லரில் சீட்டு ஒட்டுவார், இணைப்பைத் துண்டிக்க உங்கள் அனுமதியைக் கேட்பார். எனக்கு ஒரு தாளும் வரவில்லை. ஆபத்து என்று சொன்ன அதே மனிதர், ஹீட்டிங்கை ஓடவிட்டபடியே கிளம்பிப் போனார். மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: கேஸ் வாடை வந்தாலோ, கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ, வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் மயக்கமும் வந்தாலோ இரண்டாவது கருத்துக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். வெளியே வந்து 0800 111 999க்கு அழையுங்கள். பாய்லரில் அழுத்தம் இறங்குவது அந்த வகை அவசரம் அல்ல. குளிரும், அவ்வளவுதான்.

அன்று மாலை பாய்லரின் தகட்டில் இருந்த ஜி.சி. எண்ணை (எந்த மாடல் என்று காட்டும் எண்) குறித்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போன் செய்தேன். அந்த எக்ஸ்சேஞ்சர் கையிருப்பில் இருக்கிறது, நாளைக்கே அனுப்பலாம் என்றார்கள். அதுவரை இருந்தது சந்தேகம். அதன்பிறகு கோபம்.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். "தம்பி, நான் ஒருவரை அனுப்புகிறேன். அவர் பார்த்துச் சொல்லும்வரை ஒரு பென்னியும் யாருக்கும் கொடுக்காதீர்கள்" என்றார். வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் எஞ்சினியர். கருவிப் பையைக் கீழே வைத்தார், திறக்கவில்லை. முதலில் கேள்விகள்தான். ஹீட்டிங் போட்டால் முள் ஏறுகிறதா, எதுவரை? அணைத்தால் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது? இதுவரை எத்தனை முறை தண்ணீர் ஏற்றினீர்கள்? ரேடியேட்டர்களுக்கு அடியில் எங்காவது ஈரம் தெரிகிறதா? கடைசியாக, "வெளிச்சுவரில் ஒரு செம்புக் குழாய் இருக்குமே, பார்த்தீர்களா?" அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. எஞ்சினியர் கை காட்டிய திசையைப் பார்த்ததும் சால்வையை எடுத்துக்கொண்டு வழிகாட்டக் கிளம்பிவிட்டார்.

அந்தக் குழாயின் வாயில் எஞ்சினியர் ஒரு பிளாஸ்டிக் பையை ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார். முள் 1.2இல் இருந்தது. ஹீட்டிங்கை முழு வேகத்தில் ஓடவிட்டார். நாற்பது நிமிடத்தில் முள் 3க்கு வந்துவிட்டது. வெளியே போய்ப் பார்த்தால் பை பால் பாக்கெட் மாதிரி உப்பித் தொங்கியது, தொட்டால் சூடு. அதுதான் தினமும் காணாமல் போன தண்ணீர். பிறகு உள்ளே வந்து எக்ஸ்பான்ஷன் வெசலின் வால்வைக் காட்டினார். கார் டயரில் காற்றடிக்கும் வால்வு மாதிரியேதான் இருந்தது. அதன் முனையை அழுத்தினார். ஒரு சீறலும் இல்லை. "தண்ணீர் வந்திருந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது என்று பொருள், வெசலையே மாற்ற வேண்டியிருக்கும். உங்களுடையதில் காற்று மட்டும்தான் போயிருக்கிறது."

விஷயம் இதுதான். 10 டிகிரித் தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய 3 சதவீதம் விரியும். ரேடியேட்டர்களும் குழாய்களும் சேர்ந்து 100 லிட்டர் பிடிக்கும் வீடு என்றால், கிட்டத்தட்ட 3 லிட்டர் கூடுதல் தண்ணீருக்கு இடம் வேண்டும். அந்த இடம்தான் வெசல். நடுவில் ஒரு ரப்பர் திரை, ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. தண்ணீர் விரியும்போது காற்று சுருங்கி இடம் கொடுக்கும். வருடக்கணக்கில் காற்று மெல்லக் கசிந்து தீர்ந்துவிட்டால் இடம் இல்லை. அழுத்தம் 3 பாரைத் தொட்டதும் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை அந்தச் செம்புக் குழாய் வழியாக வெளியே தள்ளும். இரவில் எல்லாம் ஆறியதும், போன தண்ணீரின் அளவுக்கு முள் விழும். சூட்டில் ஏறி, குளிரில் பூஜ்யமானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வெசலைத்தான். தண்ணீர் விரியாமல், ஹீட்டிங் போடாமலேயே அழுத்தம் இறங்கினால்தான் ரேடியேட்டர் மூட்டு, குழாய், எக்ஸ்சேஞ்சர் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

எக்ஸ்சேஞ்சரையும் அவர் விட்டுவைக்கவில்லை. பாய்லரை அணைத்து, அழுத்தம் ஏற்றி, எரியும்போது புகையிலிருந்து குளிர்ந்து சேரும் நீர் இறங்கும் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றி அடியில் ஒரு காபிக் கோப்பையை வைத்தார். பர்னர் எரியாதபோது அங்கே தண்ணீர் சொட்டக் காரணமே இல்லை, சொட்டினால் எக்ஸ்சேஞ்சர் கசிகிறது. அரைமணி நேரம் கழித்தும் கோப்பை உலர்ந்திருந்தது. 2,850 பவுண்டுப் பேச்சு அந்தக் கோப்பையோடு முடிந்தது.

தண்ணீரின் அழுத்தத்தை முழுக்க இறக்கிவிட்டு வெசலில் காற்றடித்தார். திரும்பத் திரும்பத் திறந்ததால் துகள் சிக்கிச் சரியாக மூடாமல் இருந்த பாதுகாப்பு வால்வையும் மாற்றினார். ரசீதில் வெசலில் முன்பிருந்த காற்றழுத்தம், ஏற்றிய அழுத்தம், மாற்றிய வால்வு, கூலி எல்லாம் தனித்தனி வரி. (காற்றடிப்பதுதானே என்று நீங்களே மூடியைக் கழற்றாதீர்கள். பல பாய்லர்களில் அந்த மூடியும் எரியும் அறையின் அடைப்பில் சேர்ந்தது, அதில் கைவைப்பது பதிவு பெற்றவர்களின் வேலை.)

முதல் ஆள் ஏமாற்றுக்காரரா, வேலை தெரியாதவரா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லை. போர்டு போவது உலகத்தில் நடக்காத விஷயமில்லை. நல்ல எஞ்சினியர்களும் சில நேரம் ஊகித்துத்தான் ஒரு பாகத்தை மாற்றுவார்கள். ஆனால் நல்லவர்கள் அதை ஊகம் என்று சொல்வார்கள், தீராவிட்டால் பாகத்தின் விலையை என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வார்கள். இப்போது என்றால் எதை அளந்தீர்கள், என்ன அளவு வந்தது என்றுதான் முதலில் கேட்பேன். கழற்றிய பாகத்தை வாங்கி வைத்துக்கொள்வேன். பணத்தைக் கடன் அட்டையில்தான் கட்டுவேன். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான விலை என்றால், 1974ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவின்படி அட்டை நிறுவனமும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். வங்கி வழியாக அனுப்பிய எனக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

கேஸ் சேஃபில் புகார் செய்யலாம் என்று நினைத்தேன். பாதுகாப்புக் குறை இருந்தால்தான் அவர்கள் வருவார்கள், பணத் தகராறு அவர்கள் வேலையல்ல. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பில் பேசிய பிறகு, 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டம் கேட்கும் நியாயமான கவனமும் திறமையும் இந்த வேலையில் இல்லை என்று, இரண்டாவது ரசீதின் நகலோடு அவருக்குக் கடிதம் எழுதினேன். போர்டும் கெட்டுத்தான் இருந்தது என்று பதில் வந்தது. சரி, அந்தப் பழைய போர்டைக் கொடுங்கள், சோதித்துப் பார்க்கிறேன் என்றேன். குப்பையில் போட்டுவிட்டாராம். நல்லெண்ணத்துக்காக என்று 150 பவுண்டு மட்டும் திரும்ப அனுப்பினார். மீதிக்குச் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது, 10,000 பவுண்டு வரை அங்கே போகலாம். படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.

அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். போனில் பேசும்போதெல்லாம் அந்தக் குழாய் சொட்டுகிறதா என்று கேட்கிறார். இல்லை என்கிறேன். முதலில் வந்தவர் எவ்வளவு வாங்கினார் என்று அவருக்கு இதுவரை நான் சொல்லவில்லை.